இரண்டாவது அலெக்ஸாண்டர்

முதல் குத்திலேயே தியாகலிங்கத்தாரின் மூக்கு உடைந்தது.

அடுத்த குத்துக்குக் கதிரையோடு சரிந்தார். அலெக்ஸாண்டர் விடவில்லை. கொலரைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு சாத்தினான். கூரை ஓட்டுக் கட்டுகளைத் தோளில் சுமந்து ஏணி ஏறுகிற உடம்பு. கிழவர் எந்த மூலைக்கு!

அந்தக் கூரைக் கொம்பனியில் கம்ப்யூட்டர் தட்டும் அனோஜா தன் மேசைக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். ஓடலாம் என்றால், அந்தச் சின்னக் கந்தோருக்கு ஒரே கதவு. கதவடியில்தான் அடி நடந்தது.

“ரெண்டு பேர் போற கூரைக்கு ஏன்ரா ஒருத்தனை அனுப்பினனீ?”

முதலாளி தியாகலிங்கத்தார் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

கேட்டது நியாயம்தான். நேற்று செவ்வாய்க்கிழமை, விட்பி நகரில் இரண்டு மாடி வீடு. ஒருவன் கூரையில் ஏற, மற்றவன் மறுபக்கம் நின்று கயிறு பிடிக்க வேண்டும். பஸ்ரியன் தனியாகப் போனான், தனியாக ஏறினான், சறுக்கிச் சீமெந்தில் விழுந்தான். இன்று காலை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

பஸ்ரியனுக்கு வேலை பெர்மிட் இல்லை. மச்சான் அலெக்ஸாண்டரின் பெயரில்தான் வேலை செய்தான். அது முதலாளிக்கும் அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அனோஜாவுக்கு இன்றைக்கு அலெக்ஸாண்டர் போட்ட கூச்சலில்தான் தெரியவந்தது. ஆஸ்பத்திரியிலும் சட்டைப்பையில் கிடந்த கார்டைப் பார்த்து, செத்தவன் அலெக்ஸாண்டர் என்று எழுதிவிட்டார்கள். எழுத்தில் செத்தவன்தான் இங்கே நின்று அடித்துக்கொண்டிருந்தான்.

சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து அவர் முகத்தில் தேய்த்தான். போன மாதம் முதலாளி ஆசையாக வாங்கிய, ஆறு பிளொப்பி டிஸ்கில் வந்த கம்ப்யூட்டர் புரோகிராம் அச்சடித்த தாள். எந்த நாள், எந்த வேலை, யார் என்று கோடு கோடாகக் காட்டும். செவ்வாய்க்கிழமைக்கு நேரே அலெக்ஸாண்டர் என்று ஒரே ஒரு பெயர்.

அதைப் பார்த்துத்தான் பஸ்ரியன் புறப்பட்டுப் போனான். அதைப் பார்த்துத்தான் அலெக்ஸாண்டர், தான் தேவையில்லையாக்கும் என்று வீட்டில் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தான். அவன் அடித்த அடியில் பாதி, பாவம், அவனுக்கே விழ வேண்டியது.

கம்ப்யூட்டர் திரையை இரண்டு கையாலும் தூக்கி நிலத்தில் அடித்தான். கண்ணாடிச் சில்லு ஒன்று பறந்து அனோஜாவின் முழங்காலைக் கிழித்தது.

அவன் மெல்ல அவள் பக்கம் திரும்பினான்.

தியாகலிங்கத்தார் அப்போதுதான் பேசினார். “உந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் அந்தப் பேரை அழிச்சனான்.”

அலெக்ஸாண்டர் திரும்பவும் அவரிடம் போனான்.

திங்கட்கிழமை அவர் அனோஜாவிடம் கைப்பட எழுதித் தந்த துண்டுத்தாளில் செவ்வாய்க்கிழமை வேலைக்கு அலெக்ஸாண்டர் இரண்டு முறை இருந்தது. அவள் அதைத் தட்டியதும் புரோகிராம் பெயரைச் சிவப்பாக்கியது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய முடியாதாம். கிழவர் மறதியில் இரண்டு தரம் எழுதிவிட்டார் என்று நினைத்து அவள் ஒன்றை அழித்ததும், சிவப்பு போய்விட்டது. அன்றைக்கு அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்.

தியாகலிங்கத்தாருக்கு அந்தக் கம்ப்யூட்டரை ஓன் பண்ணவே தெரியாது.

அனோஜா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அடி விழுந்துகொண்டே இருந்தது.