விளக்கோடு திரும்புகிறவள்

டப்பிங் அறையில் பட்டப்பகலிலும் இருட்டு. திரையின் வெளிச்சம் மட்டும் மைக் முன்னால் நிற்கும் குரல் கலைஞரின் கன்னத்தில் நீலமாக அசைகிறது. பழைய ஆங்கிலப் படம். வாசலில் யாரோ கூப்பிட, விளக்கு ஏந்திய பணிப்பெண் திரும்பிப் பார்த்து “அனான்” என்கிறாள்; வருகிறேன் என்று பதில் சொல்லும் பழைய ஆங்கிலச் சொல். ஆனால் உள்ளே போய்விடுகிறாள். காட்சி பின்னோக்கி ஓடுகிறது. மறுபடி திரும்புகிறாள், மறுபடி போகிறாள். “இதோ,” என்கிறார் குரல் கலைஞர். உதட்டசைவு பொருந்துகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசனகர்த்தாவின் முகம்தான் மலரவில்லை. “ரொம்ப சுறுசுறுப்பா இருக்கும்மா. அந்த ‘அனான்’ங்கிற சொல்லுக்கு ஒரு காலத்துல ‘இந்த நிமிஷமே’ன்னுதான் அர்த்தம். சொல்லிட்டு யாரும் உடனே வராம, அது ‘அப்புறமா’ன்னு ஆயிடுச்சு. அந்த அப்புறம் குரல்ல வரணும்.” இன்னொரு முறை, வரவில்லை. வசனத்தாளின் மேல் வைத்த போன் சத்தமில்லாமல் ஒளிர்கிறது. மகள். குரல் கலைஞர் எடுத்துக் காதில் வைக்கிறார். “அம்மா, எல்லாரும் வந்தாச்சு. பர்த்டே கேக்குல மெழுகுவர்த்தி ஏத்தவா?” “இதோ வந்துட்டேன்டா கண்ணு.” வசனகர்த்தா துள்ளி எழுகிறார். “இதான்! இதே இதோதான் வேணும், விட்டுடாதீங்க!” போன் இன்னும் காதில்தான் இருக்கிறது. “இதோன்னா எப்பம்மா?” என்கிறது சின்னக் குரல். மைக்கின் மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் பணிப்பெண் மெல்லத் திரும்புகிறாள். “இதோ,” என்கிறார் குரல் கலைஞர். உதடு பொருந்துகிறது, அர்த்தமும் பொருந்துகிறது. பணிப்பெண் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள், வாசல் இருண்டுவிடுகிறது.