வெறும் ஆவிதான்

பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் ஆலைக்குள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் அப்படியே நிற்கிறாள். கூரை ஓட்டை வழியாக இறங்கும் மதிய வெயிலில் கரித்தூள் மிதக்கிறது. உருக்கும் இயந்திரம் இரைகிறது. பக்கத்தில் புகையை வடிகட்டும் பெட்டியில் மட்டும் சத்தமே இல்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். சில்லென்று இருக்கிறது. மூடியில் ஒட்டடை.

"இது எப்பலேர்ந்து ஓடல?"

இயந்திரம் ஓட்டும் கணவன் கையுறையைக் கழற்றாமலே நிற்கிறான். "ஆறு மாசமா. இதைப் போட்டா உருக்குறது பாதியாயிடுது. மறுசுழற்சி இலக்கு எட்டலைன்னு மேல குதிக்கிறாங்க."

"இங்கேர்ந்து வர்ற புகை வெறும் ஆவிதான்னு சொன்னீங்களே. அதை நம்பித்தானே தெருவுல புகையை எதிர்த்து மனுவோட வந்தவங்க வாயை அடைச்சேன். நம்ம பாப்பா இருமுறப்பவும் தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

அவன் போய் விசையைத் தட்டுகிறான். பெட்டி செருமிக்கொண்டு உறுமத் தொடங்குகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியைக் கைப்பேசியில் கூப்பிடுகிறாள்.

"அக்கா, அந்த மனுவைக் கிழிச்சிடலையே? நானும் கையெழுத்துப் போடுறேன். எங்க வீட்டுலேர்ந்து ஆலையில யார் வேலை பார்க்கிறாருன்னும் சேர்த்தே எழுதுங்க."