எருமையிடம் போன தவளை

"நீளம் தாண்டுறதுல இந்த வருஷமும் தவளைதான் ஜெயிக்கும்" என்று கொக்கு நண்டிடம் சொன்னது தவளையின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து பயிற்சியில் அதற்குக் கால் எழவேயில்லை.

குளத்தில் படுத்திருந்த எருமையிடம் போய் அழுதது. "தோத்துட்டா அப்புறம் யாரு என்னை மதிப்பாங்கக்கா?"

எருமை அசைபோட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏதாவது சொல்லேன்க்கா!"

"இருடா, நீ சொன்னதையே இன்னும் மென்னு முடிக்கல." வெகுநேரம் மென்றது. "சரி, தோத்துட்டா என்ன பண்ணுவே?"

"குளத்துக்கு வந்து பூச்சி பிடிப்பேன்."

"ஜெயிச்சா?"

"அப்பவும்... பூச்சிதான்க்கா."

எருமை மறுபடி அசைபோடத் தொடங்கியது.

போட்டியன்று கூட்டம் கத்த, நடுவர் ஆமை தவளையின் பெயரைக் கூப்பிட்டது. தவளை கோட்டில் நின்று, சாவகாசமாக ஒவ்வொரு காலாக நீட்டிச் சோம்பல் முறித்தது. பிறகு தாண்டியது.