கத்தரிக்குப் பதில்

காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தலுக்கடியில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. ஸ்பெயினில் ஒரு மாதம் தங்கி அந்த ஊர்ப் பேச்சைப் படித்துவந்த வேல்விழி, ஸ்பீக்கரில் போட்ட செல்போனை ஏந்தியபடி திணறுகிறாள். மறுமுனையில், அவளைத் தங்கவைத்த திராட்சைத் தோட்டக்காரி பிலார். அங்கே சாப்பாட்டு மேசையில் அவள் போட்ட கட்டளைதான் போனிலும்: இங்கிலீஷ் கலந்தால் பேச்சு முடிந்தது. நெருக்கிக் காய்த்த பிஞ்சுகளைக் கழிப்பதற்கு அங்கே என்ன சொல்வார்கள்? வாயில் வரமாட்டேனென்கிறது. “இங்கிலீசுலதான் சொல்லித் தொலையேன், ஆத்தா,” என்கிறாள் கொத்தைப் பிடித்திருக்கும் வேலைக்காரி மொக்கம்மாள். “மாட்டேன்.” வேல்விழி அவளிடமிருந்து கத்தரியை வாங்கி, போனருகே பிஞ்சுகளை நறுக்குகிறாள். நறுக், நறுக். மறுமுனையிலிருந்தும் ஒரு கத்தரி நறுக் நறுக்கென்கிறது, கூடவே பிலாரின் குரல், “அக்லாரேயோ.” வேல்விழி தேடிய அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். “அங்கனயும் இதே சோலிதானா!” மொக்கம்மாள் அடுத்த கொத்தைப் போன் பக்கம் இழுத்துப் பிடிக்கிறாள்.