தட்டையான பக்கம்

"உங்க மாமியாருக்கு இன்னொரு கல்லும் இருந்திருக்கணும்மா" என்று ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் மருமகளிடம் சொன்னார்.

"எப்படி சொல்றீங்க டாக்டர்?"

"எடுத்த கல்லுல ஒரு பக்கம் தட்டையா இருக்கு. வருஷக்கணக்கா இன்னொண்ணு கூடவே உரசினாத்தான் அப்படி ஆகும். குடல் முழுக்கத் தடவிப் பார்த்துட்டேன், கிடைக்கலை."

பித்தப்பைக் கல் குடலுக்குள் துளைத்து இறங்கி வழியை அடைப்பது அபூர்வம். மாமியார் பிழைத்ததே பெரிது. கல்லை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மாமியார் அதை வீட்டில் டிவி பக்கத்தில் வைத்தார். ஒரே சமையலறையில் இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பதால், உடம்பு தேறியதும் அவர் தன் மகள் வீட்டுக்கே போய்விடுவதாகப் பேச்சு.

கிளம்ப வேண்டிய வாரத்தில் மருமகள் வாந்தியும் வயிற்று வீக்கமுமாக விழுந்தாள். அதே அடைப்பு, அதே ஆபரேஷன். எடுத்த கல்லின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

சர்ஜன் மாமியாரின் டப்பாவை எடுத்துவரச் சொன்னார். பஞ்சின் மேல் இரண்டு கற்களையும் சேர்த்து வைத்தார். நடுவே மயிரிழை இடைவெளிகூட இல்லை. திருப்பி இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். பிறகு கை கழுவப் போனார்.

மருமகள் கண் விழித்தபோது மாமியார் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"இதுலயும் எனக்குப் போட்டியாடி?"

"பெட்டியெல்லாம் கட்டியாச்சா அத்தை?"

"கட்டியாச்சு."

மாமியார் போர்வையை இழுத்துவிட்டார். மகள் வீட்டுப் பேச்சு எழுந்த நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"நான் போகலைம்மா. உன்கூடவே இருந்துக்கட்டுமா?"