ஒரே துளை

டீசல் திருடியதாக டிரைவர் சவரிமுத்துவை ஆலையில் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். மாலை வகுப்பில் மோசடித் தணிக்கை படிக்கும் கணக்கர் பூரணி, மேலாளர் தன் பொறுப்பில் கம்பியில் கோத்துவைத்திருந்த ஓராண்டு டீசல் ரசீதுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் தப்பு எதுவும் தட்டுப்படவில்லை.

“வகுப்புல அந்தப் பாடம் இன்னும் வரலையாம்மா?” என்று மேலாளர் சிரித்தார்.

அன்றன்றைக்குக் கம்பியில் குத்தும் ரசீதுகளில் துளைகள் ஒன்றுக்கொன்று விலகித்தான் இருக்கும். பூரணி தயங்கியபடியே கம்பியிலிருந்து ரசீதுக் கட்டை உருவி, ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து, ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தாள். அத்தனை ரசீதுகளையும் ஊடுருவி வந்த ஒரு பொட்டு வெளிச்சம் மேலாளரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

“எல்லாம் ஒரே நாள்ல எழுதி, ஒரே குத்துல குத்தின பொய் பில்லு சார். வாங்காத டீசலை சவரிமுத்து அண்ணன் எப்படித் திருடுவாரு?”

மேலாளர் சட்டையைத் தட்டிவிட்டார். வெளிச்சம் போகவில்லை.