சிக்னல் இல்லாத அறை

முன்வரிசையில் தூக்கிப் பிடித்த போனின் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது அந்த வட்டம்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் எண்ணினாள். இருபது விநாடி. முப்பது.

இதைப் பார்க்கத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

மேடையில் கிருபாகரன். அவளுடைய பழைய முதலாளி. எதிரே நாற்பது கிராம செவிலியர்கள். கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதியும் செயலியை அவன் தன் போனில், தானே கொண்டுவந்த வைஃபையில் தடங்கலில்லாமல் ஓடவிட்டான். கைதட்டல் அடங்குவதற்குள் மாவட்ட அதிகாரி, முன்வரிசையில் இருந்த செவிலியர் தெய்வக்கனியை, தன் சொந்தப் போனில் அதைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டார்.

தெய்வக்கனியின் போன் விலை குறைந்தது. திரையில் கீறல்.

வட்டம் நின்றது. வெறும் வெள்ளை.

முதலில் அந்தச் செயலியை எழுதியவள், கடைசி வரிசையில் இருந்த அவள்தான். சாதாரண வலைப்பக்கம் போலத்தான் கட்டினாள். எந்தப் போனிலும் திறக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கும். ஆறு மாதம் தெய்வக்கனியோடு வெயிலில் நடந்து, ஒவ்வொரு பொத்தானாகச் சரிசெய்தாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் விடுப்பு எடுத்தாள்.

அந்த நான்கு நாளில் கிருபாகரன் அதைச் சென்னையில் தன் பெயரில் காட்டி விருது வாங்கிவிட்டான். கேட்டதற்கு, நீ இல்லாமலும் நடக்கும் என்றான்.

அவள் வேலையை விட்டாள். அவன் செயலிக்கு அழகு சேர்த்தான். வீடியோ வைத்தான். சிக்னல் இல்லாதபோது தாங்கும் பகுதியைத் தேவையில்லை என்று வெட்டினான்.

அது அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவன் கழுத்தில் வியர்வை. பார்க்க நன்றாக இருந்தது.

தெய்வக்கனி எழுந்து நின்றாள்.

"போன் பழசு சார். தப்பு எம்மேலதான்."

கிருபாகரன் உடனே அதைப் பிடித்துக்கொண்டான். ஆமாம், இந்த மாதிரிப் போனை எல்லாம் மாற்றச் சொல்ல வேண்டும் என்றான். அதிகாரி தெய்வக்கனியின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இதைப் பார்க்க அவள் வரவில்லை.

எழுந்து முன்னால் போனாள். தெய்வக்கனியின் தோளைத் தொட்டுப் போனை வாங்கினாள். சோதனைக்காக அவள் முன்பு போட்டுக்கொடுத்த பழைய செயலி அதில் அப்படியே இருந்தது. தொட்டாள்.

திறந்தது. தெய்வக்கனி எழுதிவைத்த கர்ப்பிணிகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

அதிகாரி போனை வாங்கிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார்.

"எங்களோடதுதான் சார். பழைய வெர்ஷன்" என்றான் கிருபாகரன்.

அவள் மறுக்கவில்லை. அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப சாரையே கேளுங்க. இந்த ரூம்ல சிக்னல் கிடையாது. இது மட்டும் எப்படி ஓடுதுன்னு சொல்லட்டும்."

அதிகாரி போனை அவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கினான். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

ஒரு நாற்காலியை இழுத்து, அவனுக்கு நேர் எதிரே போட்டு, அவள் உட்கார்ந்தாள்.